கடைசி வீட்டுக் கூரை

என் சம்பந்தி ராயப்பன் ஜோலார்பேட்டையில் ரயில் என்ஜினுக்குக் கரி அள்ளிப் போடுகிறவர். வேலைக்கு எப்படிப் போவாரோ, எங்கள் வீட்டுக்கு வரும்போது மட்டும் நீலம் போட்டு வெளுத்த வேட்டியில்தான் வருவார். அந்த வேட்டியின் மேல் எங்கள் கூரை பழுப்புத் தண்ணீரைக் கொட்டியது. வெற்றிலைத் தட்டை அவர் முன்னால் வைத்துவிட்டு நிமிர்கிறேன், தோளிலிருந்து முழங்கால் வரைக்கும் வழிகிறது. எனக்கு வந்த ஆத்திரத்தில் கூரையைப் பார்ப்பதா, என் வீட்டுக்காரரைப் பார்ப்பதா என்று தெரியவில்லை.

ஏனென்றால் வேலை அவருடையது. என் வீட்டுக்காரர் சின்னப்பன் ஆம்பூரில் தோல் பதனிடுகிற ஒரு ஷாப்பில் பட்டைத் தொட்டியில் இறங்கி வேலை செய்கிறவர். சம்பந்தி வருகிறார் என்றதும், கழித்துப் போட்ட தோல்களை மேஸ்திரியிடம் கெஞ்சி வாங்கிவந்து, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் ஓட்டுக்கு அடியில் பரப்பியிருக்கிறார். தோலுக்குள் தண்ணீர் இறங்காதாம். ஆவாரம் பட்டைத் தண்ணீரில் ஊறி, சரியாகக் கழுவக்கூட இல்லாத தோல் அது. ஐப்பசி மழை அதன் நடுவில் குளம் கட்டி நின்று, பட்டைச் சாயத்தையெல்லாம் வாங்கிக்கொண்டு, சமயம் பார்த்து இறங்கிவிட்டது.

ராயப்பன் வந்தது என் மகள் ஆரோக்கியமேரியின் பிரசவம் பற்றிப் பேச. தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்பது எங்கள் ஜனங்களிடம் மாறாத வழக்கம். அவளுக்கு அப்போது ஏழு மாதம் முடியப் போகிறது. நாள் பார்த்து அனுப்புகிறோம் என்று சொல்ல வந்த மனிதர், வேட்டியைப் பிழிந்துகொண்டே வீட்டைச் சுற்றிப் பார்த்தார். பார்க்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். இடுப்பு உயரத்துக்குச் சுவரில் ஓதம். மூலையில் கறுப்பாகப் பூசணம். அடுப்பு மூலை ஒன்றுதான் ஒழுகாது, அதுவும் கிழக்குக் காற்று அடித்தால் உறுதி சொல்ல முடியாது.

“கோவப்படாதே சம்பந்தியம்மா” என்றார் ராயப்பன். “பச்ச ஒடம்புக்காரியயும் கொழந்தையயும் இதுல எங்க படுக்க வைப்பே? கூரைய சரி பண்ணிட்டு சொல்லி அனுப்பு, கூட்டியாந்து உடறேன். இல்லன்னா பிரசவம் எங்க கோட்டர்ஸ்லயே ஆவட்டும்.”

அவர் சொன்னதில் என்ன தப்பு? ஆனால் அந்த வீட்டில் பெண் துணை கிடையாது. சம்பந்தியம்மாள் போய்ச் சேர்ந்து வருஷமாகிறது. அப்பனும் மகனும் ரயிலோடு போனால் எப்போது திரும்புவார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. நான் போய் இருக்கலாம் என்றால் அங்கே ஒரே அறை, இரண்டு ஆம்பளைகள். வலி எடுக்கும்போது என் மகள் தனியாகக் கிடந்து யாரைக் கூப்பிடுவாள்? கூரை சரியாக வேண்டும், என் பெண் என்னிடம் வர வேண்டும். இதைத் தவிர வேறு நினைப்பே எனக்கு அந்த மாதத்தில் இல்லை.

நாங்கள் குடியிருந்தது தோல் ஷாப்புகளுக்குப் பின்னால் ஹலீமா பீயின் லைன் வீடுகளில். ஒரே சுவரில் ஒட்டிக்கொண்டு நிற்கும் நாட்டு ஓட்டு வீடுகள், எங்களுடையது கடைசி. ஓடும் சுவரும் வீட்டுச் சொந்தக்காரர் பாடு, தரை மெழுகுவதும் வெள்ளை அடிப்பதும் குடியிருப்பவர் பாடு என்று குடிவரும்போதே எல்லாருக்கும் பேச்சு. தரையை நான் மெழுகாமல் விட்ட நாள் உண்டா? வாடகை தவறிய மாதம் உண்டா? எங்கள் பாட்டை நாங்கள் ஒழுங்காகப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

வாடகை வாங்குகிறவன் வாஹித் பாஷா, ஹலீமா பீயின் நாத்தனார் மகன். அந்த அம்மாள் கோஷா, வெளி ஆம்பளைகள் கண்ணில் படாதவள். கணவர் தவறிய பிறகு வெளி முகம் பார்த்ததில்லை. எது கேட்டாலும் வாஹித் பாஷா உள்ளே போய்விட்டு வந்து, பீ இப்படிச் சொன்னார்கள் என்பான். சின்னப்பன் போய்க் கூரையைப் பற்றிக் கேட்டதற்கும் அப்படித்தான். ஓடெல்லாம் போன கோடையில்தான் மாற்றியது, பிடிக்காவிட்டால் காலி செய்யலாம் என்று பீ சொல்லிவிட்டார்களாம். இந்த மனுஷனும் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தார்.

வேலூரில் ஒரு வக்கீல் குமாஸ்தாவை ஷாப்பு மேஸ்திரிக்குத் தெரியும். பேசினபடி வீட்டுச் சொந்தக்காரர் ரிப்பேர் செய்யாவிட்டால், சொல்லிவிட்டு நாமே செய்து வாடகையில் கழித்துக்கொள்ளச் சட்டத்தில் இடம் இருக்கிறது என்று அவர் சொன்னாராம். நல்ல சட்டம்தான். முதலில் ஓடு வாங்க எங்கள் கையில் என்ன இருந்தது? வாஹித் பாஷா கோர்ட்டுக்கு இழுத்தால் அந்த வழக்கு முடிவதற்குள் பிறக்கப் போகிற பிள்ளைக்கு மீசை முளைத்துவிடும்.

நான் யோசித்துப் பார்த்தேன். இத்தனை வருஷத்தில் இந்த லைனில் ஒருத்தராவது ஹலீமா பீயின் குரலைக் கேட்டதுண்டா? கிடையாது. போனவர்கள் எல்லாம் ஆம்பளைகள். ஆம்பளைக்குத்தானே அந்த வீட்டில் திரை. எனக்கு எதற்குத் திரை? பக்கத்து வீட்டு முனியம்மா அந்த வீட்டுக்குப் பால் ஊற்றுகிறவள், பின்வாசல் வழியாகத் தினமும் போய்ச் சமையல்காரியிடம் கொடுத்துவிட்டு வருகிறாள். மறுநாள் காலையில் அவள் பின்னாலேயே நானும் நுழைந்துவிட்டேன். போடி வெளியே என்று கிசுகிசுத்தாள் முனியம்மா. நான் அவளைக் கண்டுகொள்ளவில்லை.

உள் முற்றத்தில் ஹலீமா பீ பாக்கு வெட்டிக்கொண்டிருந்தாள். ஒல்லியான, நரைத்த பெண்பிள்ளை. நான் யார் என்று சொன்னேன். எதற்கு வந்தேன் என்றும் சொன்னேன், கொஞ்சம் சூடாகவே சொல்லிவிட்டேன். அவள் பாக்குவெட்டியைக் கீழே வைக்கவில்லை. போன கோடையில் ஓடு மாற்றச் சொன்னது உண்மை, மாற்றியதும் உண்மை, நானே பார்த்தேன் என்றாள். எப்படிப் பார்த்தாளாம்? பெருநாளுக்குச் சொந்தக்காரர் வீட்டுக்கு வண்டியில் போகும்போது திரை இடுக்கு வழியாகப் பார்த்தாளாம். சிவப்பாகப் புது ஓடு தெரிந்ததாம்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. வாஹித் பாஷா தெருப் பக்கம் தெரிகிற முதல் வீட்டு முன்சரிவை மட்டும் மாற்றியிருக்கிறான். மாட்டு வண்டித் திரையின் இடுக்கில் தெரிவது அவ்வளவுதான். அதற்கு மேல் அந்த அம்மாள் பார்க்கப் போவதில்லை என்று அவனுக்குத் தெரியும். வயிற்றெரிச்சலில் அதையும் அப்படியே சொன்னேன்.

ஹலீமா பீயின் முகம் மாறவில்லை. “வாஹித் தவழ்ற காலத்துலேர்ந்து எனக்குத் தெரியும். உன்னை இன்னைக்குதான் பாக்கறேன். நான் யாரை நம்பறது, நீயே சொல்லு” என்றாள்.

“யாரையும் நம்ப வேணாம் பீபிம்மா. மழையில ஒரு தபா வந்து பாருங்க.”

அந்தச் சந்தில் வண்டி நுழையாதே, நடக்க வேண்டுமே, தெருவெல்லாம் ஆம்பளைகளாச்சே என்றாள். அந்தக் குடும்பத்துப் பெண்கள் துப்பட்டி போர்த்திக்கொண்டாலும் தெருவில் சும்மா நடக்க மாட்டார்கள். வண்டியிலிருந்து வாசல் வரைக்கும் இரண்டு பக்கமும் துணி பிடிக்க வேண்டும், நடுவில்தான் நடப்பார்கள். அது என் பொறுப்பு என்றேன். சந்து முனையிலிருந்து கடைசி வீடு வரை ஒரு ஆம்பளை கண்ணில் படாமல் கூட்டிப் போகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். அவள் இன்னும் ஒரு பாக்கை வெட்டி முடித்துவிட்டு, அடுத்த மழைக்குப் பார்க்கலாம் என்றாள்.

பார்க்கலாம் என்றதுதான் தாமதம், மழை நின்றுவிட்டது. அதுவரை ஊரையே நனைத்த வானம் அன்று சாயங்காலத்திலிருந்து துடைத்துவிட்ட மாதிரி பளிச்சென்று ஆகிவிட்டது. பாலாற்றில் நாலு நாள் ஓடிய தண்ணீரும் மணலுக்குள் போய்விட்டது. ஊரெல்லாம் துணி காயப் போட்டுச் சந்தோஷப்பட்டது. நான் மட்டும் வாசலில் நின்று வானத்தைத் திட்டிக்கொண்டிருந்தேன். ஜோலார்பேட்டையிலிருந்து வந்த ஒருத்தர் மூலம் ராயப்பன் சொல்லி அனுப்பினார். மேரிக்குக் கால் வீங்கியிருக்கிறதாம், இந்த மாதத்துக்குள் கூரை ஆகாவிட்டால் அவளை ரயிலில் ஏற்ற முடியாதாம்.

நான் போய் வந்த சங்கதி வாஹித் பாஷா காதுக்கும் எட்டியது. லைனுக்கு வந்து எல்லார் முன்னாலும் சத்தம் போட்டான். பீயை நடுச்சந்துக்கு இழுக்கப் பார்க்கிறாள் இவள், பொங்கலுக்குள் மொத்த லைனையும் காலி செய்ய வைப்பேன் என்றான். அவன் போன பிறகு லைனில் இருந்த பெண்கள் என் மேல் பாய்ந்தார்கள். உன் மகள் பிரசவத்துக்காக நாங்கள் தெருவில் நிற்பதா என்றாள் முனியம்மா. எனக்குக் கோபம் மூக்கின் மேல் வந்தது. உன் வீட்டுக்காரனுக்கு நெஞ்சுச் சளி எதனால், நடு வீட்டு பில்கிஸின் பெண்ணுக்கு முதுகெல்லாம் படை எதனால், வருஷம் பூராவும் இந்தச் சுவர்களோடு படுத்துக்கொண்டு எனக்கா வந்து சொல்கிறீர்கள் என்று கேட்டேன். பில்கிஸ்தான் கடைசியில், துணி பிடிக்க நான் வருகிறேன், கோஷாவுக்கு எப்படிப் பிடிப்பது என்று எனக்குத் தெரியும் என்றாள்.

கார்த்திகை பிறந்தபிறகு ஒரு நாள் விடிந்ததும் பிடித்துக்கொண்டது மழை. மழை வந்தாச்சு என்று பீக்குச் சொல்லிவிட, நான் முனியம்மாவைப் பாலோடு ஓடச் சொன்னேன். பத்து மணி வாக்கில் சந்து முனையில் திரை போட்ட வண்டி வந்து நின்றது. சொன்னபடி வந்துவிட்டாள் மகராசி. வண்டியோடு கூடவே குடை பிடித்துக்கொண்டு வாஹித் பாஷா. ஷாப்புக்குப் போகாத ஆம்பளைகளையெல்லாம் வீட்டுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினோம். வாஹித் பாஷாவை பில்கிஸ் உருதுவில் என்னவோ சொல்லித் தெருப் பக்கம் திரும்பி நிற்க வைத்தாள்.

எடுத்ததும் கோளாறு. நாங்கள் பிடித்தது புடவைகள். மழையில் நனைந்து கொடி மாதிரி சுருண்டுகொண்டன. பிடித்தால் ஒரு முழ உயரம்கூட நிற்கவில்லை, நின்ற இடத்தில் உள்ளே இருப்பது வெளியே தெரிந்தது. வண்டிக்குள்ளிருந்து அசைவே இல்லை. இறங்காமலே திரும்பிவிடுவாள் என்று தோன்றியது.

“பாயை எடுங்கடி” என்றேன். “எல்லா வீட்டுப் பாயையும் கொண்டாங்க.”

கோரைப் பாய் நனைந்தாலும் விறைத்து நிற்கும். வீட்டுக்கு வீடு ஓடிப் படுக்கிற பாய்களை எடுத்து வந்தார்கள். சந்தின் இரண்டு பக்கமும் பெண்கள் நின்று, ஆளுக்கொரு பாயை நெட்டுக்குத்தலாகப் பிடித்தார்கள். நடுவில் ஒரு ஆள் நடக்க வழி. பாய்க்கு மேல் பிடித்திருந்த விரல்கள் மட்டும் தெரிந்தன. ஹலீமா பீ வெள்ளைத் துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு இறங்கினாள். நான் முன்னால் நடந்தேன்.

நாலு எட்டு வைத்திருப்பேன், பின்னால் கால் சத்தம் நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தேன். ஹலீமா பீ ஒரு பாயின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். அவள் முகத்துக்கும் பாய்க்கும் ஒரு சாண்தான் இடைவெளி. பாயின் பாதிக்குக் கறுப்பு. அவள் விரலால் தொட்டாள், விரலில் ஒட்டிக்கொண்டது. அடுத்த பாய்க்குப் போனாள். அதில் கறுப்பும் பச்சையும். எதிர்ப் பக்கம் திரும்பினாள். அங்கே ஒரு பாயில் சுவரோடு ஒட்டிப் படுத்த பக்கம் முழுக்கப் பூத்துப் போய், கோரையே இற்று ஓட்டை விழுந்திருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், இதை நான் நினைத்துச் செய்யவில்லை. தினமும் அந்தப் பாய்களைப் பார்த்துப் பார்த்து, அவை எப்படி இருக்கின்றன என்பதே எங்கள் யாருக்கும் கண்ணில் படாமல் போயிருந்தது.

“இது யார் பாய்?” என்று கேட்டாள்.

“எங்களுது பீபி” என்றாள் பாய்க்குப் பின்னாலிருந்து பில்கிஸ். “என் பொண்ணு படுக்கறது.”

அதற்குப் பிறகு அவள் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. தாண்டிப் போகப் போக ஒவ்வொரு பாய்க்குப் பின்னாலிருந்தும் தானாகவே குரல் வந்தது. இது என் மாமியார் படுப்பது, இது நானும் கைப்பிள்ளையும், இதில் படுத்தவர் போன தையில் போய்விட்டார். முனியம்மாகூடச் சொன்னாள், அழுதுகொண்டே சொன்னாள். ஹலீமா பீ ஒவ்வொன்றுக்கும் நின்று நின்று நடந்தாள். அந்தச் சந்தைக் கடக்க அத்தனை நேரம் எடுத்தவர்கள் வேறு யாரும் இருக்க மாட்டார்கள்.

எங்கள் வீட்டுக்குள் வந்தபோது கூரை ஏழெட்டு இடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தது. பெண் எங்கே படுப்பாள் என்று கேட்டாள். அடுப்பு மூலையைக் காட்டினேன். கிழக்குக் காற்று அன்றைக்கும் என்னைக் கைவிடவில்லை, அங்கேயும் சொட்டியது. ஹலீமா பீ முகத்திரையை எடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்தபடி நின்றாள். கண் கலங்கியிருந்தது. பிறகு, என் வீட்டில் பின்கட்டு அறை காலியாக இருக்கிறது, பிரசவத்துக்கு உன் மகளை அங்கே கூட்டி வா, பிரசவம் பார்க்கிற ஆயாம்மாவையும் நான் வரவழைக்கிறேன் என்றாள்.

மனசு ஒரு நிமிஷம் ஆடித்தான் போனது. காய்ந்த அறை, நல்ல கட்டில், வேளா வேளைக்குச் சாப்பாடு. சரி என்று வாய்க்கு வந்துவிட்டது. ஆனால் நான் கும்பிட்டு வாங்கிக்கொண்டு என் பெண்ணோடு போய்விட்டால், பாயைப் பிடித்துக்கொண்டு வெளியே நனைகிறவர்கள் என்ன ஆவார்கள்? அப்புறம் எனக்கு வர வேண்டிய கூரை போய், நான்தான் அவளுக்குத் தயவுக் கடன்பட்டவள் ஆகிவிட மாட்டேனா?

“மன்னிச்சிக்கங்க பீபிம்மா. உங்க வீட்ல எடம் குடுத்தா அது உங்க தருமம். நான் தருமம் கேட்டு வரல. ஓடு உங்க பாடு, தரை எங்க பாடுன்னு பேசித்தான் குடி வந்தோம். எங்க பாட்ட நாங்க பாத்துட்டோம். எம் பொண்ணு எங்கூட்லதான் பெத்துக்கணும்.”

சொன்ன பிறகு எனக்கே பயம் வந்தது. இனி இந்த வீடும் போச்சு என்று நினைத்தேன். ஹலீமா பீ என்னை மேலும் கீழும் பார்த்தாள். கோபம்தான், முகம் சிவந்துவிட்டது. அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த இடத்திலிருந்து, சந்து முனை வரைக்கும் கேட்கிற மாதிரிக் குரலை உயர்த்தினாள். பாய்க்குப் பின்னால் நின்ற பெண்கள், கதவுக்குப் பின்னால் நின்ற ஆம்பளைகள், எல்லாரும் அந்தக் குரலை அன்றைக்குத்தான் கேட்டார்கள்.

“வாஹித். தயவு பண்ணச் சொல்லி இவங்க கேக்கல. இவங்க ஹக்கை, இவங்களுக்குச் சேர வேண்டிய உரிமையைக் கேக்கறாங்க. ஓட்டு வண்டியும் ஆளும் இந்தச் சந்துக்கு வர்ற வரைக்கும் நான் இந்த வீட்டைவிட்டு எழுந்திருக்க மாட்டேன். போ.”

கோஷாப் பெண்பிள்ளை ஒருத்தி தோல் ஷாப்புக்காரன் வீட்டில் உட்கார்ந்திருக்கிறாள் என்றால் ஊர் என்ன பேசும் என்று வாஹித் பாஷாவுக்குத் தெரியாதா? குடையைக்கூட மடக்காமல் ஓடினான். மழையில் ஓட்டைப் பிரிக்க முடியாதுதான். ஆனாலும் மத்தியானத்துக்குள் முதல் வண்டி ஓடு சந்து முனையில் இறங்கியது, ஆட்களும் வந்து நின்றார்கள். அதுவரை அவள் நகரவில்லை. நான் கொடுத்த காப்பியைக் குடித்தாள், ஒழுகினால் ஒரு பக்கமாக நகர்ந்து உட்கார்ந்துகொண்டாள். மழை விட்டதும் கடைசி வீட்டிலிருந்துதான் ஓடு பிரிக்க ஆரம்பித்தார்கள். சுவரை இடுப்பு உயரத்துக்குக் கொத்திச் சுண்ணாம்பு பூசினார்கள். முனியம்மா வீடும் பில்கிஸ் வீடும் முடிய தை பிறந்துவிட்டது.

மேரியை ராயப்பனே ரயிலில் கூட்டி வந்து விட்டார். வாசலில் நின்று கழுத்து வலிக்கும் வரைக்கும் கூரையைப் பார்த்தார். அவர் பார்த்தது எனக்குக் கோபமாக இல்லை, நன்றாகப் பார்க்கட்டும் என்று வழிவிட்டு நின்றேன்.

மார்கழிக் கடைசியில் பேத்தி பிறந்தாள். மூன்றாம் நாள் மத்தியானம், பருவம் தப்பி ஒரு மழை, ஓட்டின் மேல் கல் எறிகிற மாதிரி சத்தம். அடுப்பில் வெந்நீரை இறக்கிவிட்டுத் திரும்பினேன். தூங்கிக்கொண்டிருந்த மேரி எப்போது எழுந்தாளோ, பிள்ளையை மடிக்குள் இழுத்து அதன் மேல் குனிந்து, இரண்டு கையையும் அதன் தலைக்கு மேல் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தாள். இந்த வீட்டில் வளர்ந்த பெண் இல்லையா.

“கைய எடுடி” என்றேன். “ஒழுவாது.”

அவள் அண்ணாந்து பார்த்தாள். நானும் பார்த்தேன். மழை நின்று பெய்தது. கொஞ்சம் கொஞ்சமாக, முதலில் ஒரு கையை எடுத்தாள், பிறகு இன்னொன்றையும் எடுத்தாள்.